துணைக்கு ஒரு கல்

மச்சாள் எங்கே போனாலும் தலை எண்ணுவார். மனதுக்குள் எண்ணிவிட்டுப் போனால் யாருக்கு நட்டம்? வாய் விட்டு, பஸ் கொண்டக்டர் மாதிரி உரத்த குரலில், ஒவ்வொரு தலையிலும் கையை வைத்து, "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." கடைசித் தலைக்கு வந்ததும் "சரி" என்பார். அந்த "சரி" வந்தால்தான் ரயிலில் ஏறலாம், கார்க் கதவைச் சாத்தலாம், சோற்றில் கை வைக்கலாம். கல்யாணமாகி பேர்லினுக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய எரிச்சலாக இருந்தது. ஒரு மணித்தியாலம் மினக்கெட்டுத் தலைவாரிக் கொண்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறேன், அந்தக் கொண்டையில் கையை வைத்து "மூண்டு" என்றால் எரிச்சல் வராதா, நீங்களே சொல்லுங்கள்.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. இவரைவிடப் பதின்மூன்று வயது மூப்பு. கல்யாணம் கட்டவில்லை. பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் தனியே இருந்தார். வேலை ஒரு கிண்டர்கார்டனில். பிள்ளைகளுக்கு மஞ்சள் சட்டை போட்டு யு-பான் ரயிலில் பூங்காவுக்குக் கூட்டிப்போகிற நாட்களில் பிளாட்பாரமே அவருடைய குரலில் அதிரும். எண்ணுவது தமிழில்தான். ஒருநாள் சூப்பர்மார்க்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற துருக்கிப் பிள்ளை ஒன்று என் நிறத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்டு, ரெண்டு" என்று பத்து வரைக்கும் யாழ்ப்பாணத் தமிழில் ஒப்புவித்து, கடைசியில் "சரி" என்றும் சொன்னது. தாய்க்காரி என்னைப் பார்த்து முழித்தாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

எண்ணி முடித்துத் தொகை மூன்றாக வந்துவிட்டால் மட்டும் மச்சாளின் முகம் மாறும். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போனால் அது விளங்காது என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். கட்டாயம் மூன்று பேர்தான் போகவேண்டுமென்றால் துணைக்கு ஒரு சின்னக் கல்லை எடுத்துக்கொள்வோம். கல்லோடு சேர்த்து நாலு. ஊரில் எங்கள் வீட்டிலும் செய்ததுதான். வாசலில் கிடக்கிற எந்தக் கல்லென்றாலும் சரி, வேலை முடிந்ததும் எறிந்துவிடுவோம். மச்சாள் எறிய மாட்டார். அவரிடம் இருந்தது ஒரே கல். கறுப்பு, கோழிமுட்டையைவிடச் சற்றுப் பெரிது, ஒரு பக்கம் தட்டை. வருடம் முழுக்க அவருடைய கைப்பையில் கிடக்கும்.

என்னுடைய விசா விண்ணப்பத்துக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைத்த அன்று நாங்கள் மூன்று பேர் போனோம், நான், இவர், மச்சாள். வாசலில் பையைச் சோதித்த காவல்காரர் கல்லை எடுத்து மேசையில் வைத்து, இது என்ன என்று கேட்டார். மச்சாள் கொஞ்சமும் யோசிக்காமல் டொச்சில், ஜெர்மன் மொழியில், சொன்னார்: "எங்களோட வந்த ஆள்."

காவல்காரர் கல்லையும் மச்சாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அப்படியென்றால் இவரும் வரிசையில் நிற்கட்டும்" என்று சொல்லிக் கல்லைத் திருப்பிக் கொடுத்தார். விசாவும் அன்றைக்கே கிடைத்தது. மச்சாள் வீட்டுக்கு வந்து கல்லைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்ததைப் பார்த்து எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன் மச்சாள், அவருக்கும் ஒரு கோப்பி ஊத்தட்டோ?"

"நக்கல் அடியாதையும்" என்றார். கோபிக்கவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை.

என் நக்கல் அடங்கியது ஒரு பின்னேரத்தில். மூத்தவன் கவினுக்கு அப்போது மூன்று வயது. குசினியில் நானும் அவனும் மச்சாளும் மட்டும். தேத்தண்ணி குடிக்கப் போகிறோம், மச்சாள் வழக்கம்போலக் கையை நீட்டினார். தன் நெஞ்சில் ஒண்டு. கவின் தலையில் ரெண்டு. என் தலையில் மூண்டு. கை கீழே இறங்கி என் வயிற்றுக்கு நேரே காற்றில் நின்றது.

"நாலு. சரி."

"ஆர் மச்சாள் நாலாவது?"

அவருக்கே திகைப்பு. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "தெரியேல்லை பிள்ளை. எண்ண அப்பிடித்தான் வந்தது" என்றார். பத்து நாள் கழித்து டொக்டரிடம் போனபோது ஆரணி வயிற்றில் இருப்பது தெரிந்தது. மச்சாளின் எண்ணிக்கை பிழைக்காது, தவறவே தவறாது என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு அதிலிருந்துதான் தொடங்கியது. ஆரணி வளர்ந்ததே அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான். எனக்கு மச்சாளில் பிரியம் கூடியதும் அன்றைக்குத்தான், கொஞ்சம் பயம் பிடித்ததும் அன்றைக்குத்தான்.

இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்பதை மாமியார்தான் எனக்குச் சொன்னார். தான் கண்ணை மூடுவதற்கு முந்திய வருடம், வெங்காயம் உரித்துக்கொண்டு, வெங்காயத்துக்குக் கண்ணீர் விடுவது மாதிரியே சொன்னார். மாமனார் முதலில் ஜெர்மனிக்கு வந்துவிட்டார். மாமியாரும் பன்னிரண்டு வயது மச்சாளும் ஏழு வயதுத் தம்பியும் மன்னாரிலிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனார்கள். மூன்று பேர் என்றபடியால் துணைக்குக் கரையில் ஒரு கல்லைப் பொறுக்கி மகனின் கால்சட்டைப் பையில் போட்டாராம் மாமியார். விடிகிற நேரம் வள்ளக்காரன் எல்லோரையும் ஒரு மணல் திட்டில் இறக்கினான். இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ரோந்துக் கப்பல் ஒன்று தெரிய, "ஏறுங்கோ, ஏறுங்கோ, வேறை இடம் போவம்" என்று கத்தினான். எல்லோரும் விழுந்தடித்து ஏறினார்கள். வள்ளக்காரன் எண்ணினான். பத்தொன்பது. கொண்டுவந்தது பத்தொன்பது. "சரி" என்று சொல்லி வள்ளத்தை எடுத்தான்.

அடுத்த கரையில் இறங்கியபோது பதினெட்டுப் பேர்தான். தம்பியைக் காணவில்லை. மாமியார் வள்ளக்காரனின் காலில் விழுந்தார். அவன் திரும்பிப் போக மறுத்துவிட்டான். மத்தியானம் அந்தக் கரையின் மீனவர்கள் இரக்கப்பட்டு அந்தத் திட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கே ஒருவரும் இல்லை. மணலில் அந்தக் கல் மட்டும் கிடந்ததாம். அதை எடுத்துவந்து மாமியாரின் கையில் கொடுத்தார்கள்.

"எண்ணேக்கை பத்தொன்பது சரியா வந்தது, பிள்ளை. நானும் கேட்டனான்" என்றார் மாமியார். "அந்தப் பத்தொன்பதாவது ஆள் ஆர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஆனால் இவள் கேக்கிறது வேறை. வள்ளம் வெளிக்கிட்டுக் கனநேரம் பக்கத்திலைதானே நிண்டது, தம்பி ஏன் கத்தேல்லை எண்டு கேக்கிறாள். அவன்ரை சத்தம் ஏழு வீட்டுக்குக் கேக்கும். ஏன் கத்தேல்லை? சின்னனிலையிருந்து நித்திரையிலை எழும்பிக் கேக்கிறாள். நான் என்னெண்டு சொல்லுறது?"

இவர் பிறந்தது அதற்கு அடுத்த வருடம், பேர்லினில். காணாமல் போன அண்ணனின் படம்கூட வீட்டில் இல்லை. இவருக்கு அந்தக் கதை பிடிக்காது. யாராவது தொடங்கினால் எழும்பிப் போய் பல்கனியில் நின்று புகைப்பார்.

தண்ணீரில் இப்படி ஒரு இழப்புக் கண்ட மனிசி தண்ணீர்ப் பக்கமே போகமாட்டார் என்றுதான் யாரும் நினைப்போம். மச்சாள் நாற்பது வயதுக்குப் பிறகு படகு ஓட்டும் லைசென்ஸ் எடுத்தார். சனிக்கிழமைகளில் பேர்லின் ஏரிகளில் பாய்ப்படகு விடப் பழகி, பிறகு வடகடலுக்குப் போய்ப் பெரிய சோதனையும் பாஸ் பண்ணினார். ஏன் மச்சாள் இந்த வேலை என்று கேட்டால், "சும்மா, காத்து வாங்க" என்பார். ஐம்பது வயது தாண்டியதும் எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்து அறிவித்தார், கரீபியன் தீவுகளில் ஒரு கிழமைக்குப் பாய்ப்படகு எடுத்திருக்கிறாராம், நாங்கள் ஐந்து பேரும் போகிறோமாம். கப்டன் கிடையாது, வேலையாள் கிடையாது, வெறும் படகு. ஓட்டுவது, சமைப்பது, கழுவுவது எல்லாம் நாங்களே.

"ஆர் கப்டன்?" என்று கேட்டார் இவர்.

"வேறை ஆர், நான்தான்."

"அக்கா, உங்களுக்கு விசரோ?"

"ஓம். வாறியோ இல்லையோ?"

போனோம். எட்டு வருடம் ஆகிறது. கவினுக்குப் பதின்மூன்று, ஆரணிக்கு ஒன்பது. இரண்டு உடல் சேர்த்துக் கட்டின மாதிரி அகலமான படகு. கற்றமரான் என்று வாடகைக்குக் கொடுத்தவன் சொல்ல, மச்சாள் வாய்விட்டுச் சிரித்தார். "கட்டுமரத்தை எங்களுக்கே வாடகைக்கு விடுறான் பாருமன்." அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பத்து வயது குறைந்துபோனார். முதல் மூன்று நாளும் எனக்கு வயிறு கலங்கி ஓங்காளம், அதுவும் மறந்துபோகிற அளவுக்கு அந்தக் கடல் அழகு. நான் சோறும் ரின்னில் அடைத்த மீன் குழம்பும் வைத்தேன், பிள்ளைகள் பாத்திரம் கழுவினார்கள், இவர் கயிறுகளில் முடிச்சுப் போட்டு மச்சாளிடம் ஏச்சு வாங்கினார்.

கரைக்குப் போய்வர ஒரு சின்ன ரப்பர் வள்ளம் இருந்தது, நாலு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. மச்சாள்தான் ஓட்டுவார். முதலில் பிள்ளைகள் இருவரையும் கொண்டுபோய் இறக்குவார், பிறகு எங்கள் இருவரையும். எண்ணிப் பாருங்கள், எந்தப் பயணத்திலும் மூன்று பேர். அதனால் ஒவ்வொரு முறையும் கல் கூடவே போய்வந்தது. பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டு. கவின் அதற்கு "ஹெர் ஃபியர்" என்று பெயர் வைத்தான், டொச்சில் திருவாளர் நாலு. ஆரணி கறுப்புக் கல்லில் வெள்ளைப் பேனாவால் இரண்டு கண் கீறினாள்.

"மாமி, இவரையும் எண்ணுங்கோ. பாவம்" என்று அவள்தான் கேட்டாள். மச்சாள் முதலில் மாட்டேன் என்றார். அவள் விடவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தொகை ஆறு. தன் நெஞ்சில் ஒண்டு என்று தொடங்கி, கல்லில் முடிப்பார். "ஆறு. சரி."

எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் கல் ஒரு நொண்டிச்சாட்டு, அவ்வளவுதான். அதற்குக் கண்ணும் பெயரும் கொடுத்து ஆள் கணக்கில் சேர்ப்பது சரியில்லை என்று மனதில் பட்டது. சொல்லியிருக்கலாம். விடுமுறையில் முறைத்துக்கொள்வானேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை, தீவுகளைவிட்டுத் தள்ளி ஒரு மணல் திட்டைக் கண்டோம். மரம் இல்லை, புல் இல்லை, எங்கள் பேர்லின் வீட்டு முற்றத்தைவிட நீளமாக வெள்ளை மணல், அவ்வளவுதான். பிள்ளைகள் குதித்தார்கள். மச்சாள் அதையே பார்த்துக்கொண்டு கனநேரம் சுக்கானில் நின்றார்.

"வேண்டாம் மச்சாள், வேறை இடம் போவம்" என்றேன். எனக்கு அந்தக் கதை தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"இல்லைப் பிள்ளை. இதுக்குத்தானே வந்தனான்" என்றார்.

நங்கூரம் போட்டு, இரண்டு தடவையாக எல்லோரும் இறங்கினோம். பிள்ளைகள் தண்ணீருக்குள் மூழ்கி மீன் பார்த்தார்கள். மச்சாள் திட்டின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. நான் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன், வாங்கிச் சாப்பிட்டார்.

மழை வந்தது யாருக்கும் தெரியாது. அந்தக் கடலில் மழை அப்படித்தான், வெயில் எரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சாம்பல் சுவர் மாதிரி நகர்ந்து வரும். காற்றும் கூடவே வந்தது. தூரத்தில் எங்கள் படகு நங்கூரத்தோடு இழுபட்டு நகர்வதை இவர் கண்டார். "அக்கா, படகு போகுது!" என்று கத்தினார். இரண்டு தடவை போய்வர நேரமில்லை. "எல்லாரும் ஒண்டா ஏறுங்கோ, கெதியா!" என்றார் மச்சாள். துவாய், பை, செருப்பு எல்லாவற்றையும் அள்ளி ரப்பர் வள்ளத்துக்குள் எறிந்துவிட்டு ஏறினோம். மழை முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

அந்த நிலையிலும் மச்சாள் எண்ணாமல் வெளிக்கிடவில்லை. ஒரு கையால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தடவித் தடவி, காற்றுக்கு மேலால் கத்தி எண்ணினார். ஒண்டு, தான். ரெண்டு, இவர். மூண்டு, கவின். நாலு, நான், என் நனைந்த தலையில் அவருடைய கை. அஞ்சு, என் காலடியில் கிடந்த ஆரணியின் செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட். பிறகு கை திரும்பி என் முழங்காலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் உயரத்தில் நின்றது.

"ஆறு. சரி!"

என் முழங்காலில் சின்னதாக ஒரு பாரம் சாய்ந்திருந்தது. ஈரமாக, குளிராக. நீந்திவிட்டு வந்த பிள்ளை தாயில் சாய்கிற மாதிரித்தான் இருந்தது. ஆரணி என்று நினைத்தேன். கையைக் கொண்டுபோய் அணைக்கக்கூட நினைத்தேன், ஆனால் இரண்டு கையாலும் வள்ளத்தின் கயிற்றைப் பிடித்திருந்தேன்.

படகை எட்டிப் பிடித்தோம். இவர் முதலில் ஏறி எஞ்சினை இயக்க ஓடினார், பின்னால் கவின், பிறகு நான். ஏணியில் நின்று குனிந்து, "ஆரணி, கையைத் தா" என்றேன். மச்சாள் வள்ளத்துக்குள் தடவி, அகப்பட்ட செம்மஞ்சள் ஜாக்கெட்டைத் தூக்கி என்னிடம் நீட்டினார். அதற்குள் ஒரு துவாய். துவாய்க்குள் கல். ஹெர் ஃபியர் நனையக்கூடாதென்று என் மகள் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அதற்குப் போட்டு, ஸிப்பையும் இழுத்துவிட்டிருந்தாள்.

வேறு ஒருவரும் வள்ளத்தில் இல்லை.

நான் போட்ட கூச்சலில் என்ன சொன்னேன் என்று எனக்கு முழுதாக நினைவில்லை. கல்லைத் தூக்கிக் கடலில் எறிந்தேன், அது நினைவிருக்கிறது. "உங்கடை எண்ணிக்கையும் நீங்களும்! என்ரை பிள்ளையை விட்டிட்டுக் கல்லை எண்ணினீங்களோ?" என்று கத்தினேன்.

மச்சாளின் முகத்தில் ரத்தமே இல்லை. "கல்லையும் எண்ணினனான்தான். ஜாக்கெட்டுக்குள்ளை கையிலை பட்டது, அது அஞ்சு" என்றார். "ஆறாவது தலையைத் தொட்டனான் பிள்ளை. மயிர் ஈரமா இருந்தது. கட்டை மயிர்."

ஆரணிக்கு இடுப்பு வரை இரட்டைப் பின்னல்.

இவரையும் கவினையும் படகோடு விட்டுவிட்டு நானும் மச்சாளும் திரும்பினோம். மழைக்குள் திட்டு எங்கே என்றே தெரியவில்லை. முருகா, முருகா என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. வந்த மாதிரியே மழை சட்டென்று விலகியது. திட்டு இருந்த இடத்தில் மணல் இல்லை, அலை அடித்து மூடியிருந்தது. அதன் நடுவில் ஆரணி நின்றாள். தண்ணீர் அவளுடைய இடுப்புக்கு. ஒவ்வொரு அலைக்கும் நெஞ்சு வரைக்கும். கையில் தான் தேடிப்போன நீச்சல் கண்ணாடி. அழவில்லை, கையைக்கூடக் காட்டவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

அள்ளித் தூக்கி வள்ளத்துக்குள் போட்டேன். முதுகில் இரண்டு அடி போட்டேன், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு குழறினேன். மச்சாள் எஞ்சினை நிறுத்தினார். அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் பிள்ளை கத்தேல்லை?"

"நீங்கள் ஆறு எண்டு சொன்னது கேட்டது மாமி" என்றாள் ஆரணி. "சரி எண்டும் சொன்னனீங்கள்."

"அதுக்கு?"

"உங்களுக்குப் பிழைக்காதெல்லோ. அப்ப நானும் அங்கை இருக்கிறன் எண்டு நினைச்சன்."

"இஞ்சை தண்ணிக்கை நிண்டுகொண்டு அங்கை இருக்கிறன் எண்டு எப்பிடியடி நினைப்பாய்?" என்று நான் கத்தினேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இருந்தனான் அம்மா. உங்களிலை சாஞ்சுகொண்டு இருந்தது தெரிஞ்சது. முதுகுப்பக்கம்தான் தெரிஞ்சது."

மச்சாளின் கை அவள் முகத்திலிருந்து நழுவியது. அப்படியே வள்ளத்தின் அடியில், நாலு விரல் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அவனும் கேட்டிருக்கிறான்" என்றார். "பத்தொன்பது எண்டு கேட்டிருக்கிறான். தானும் எங்களோட வாறன் எண்டு நினைச்சிருக்கிறான்." பிறகு அழுதார். நாற்பது வருட அழுகை, அதைக் கேட்டு நிற்க யாராலும் முடியாது. ஆரணி என் மடியில் இருந்து கையை நீட்டி அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

அழுது முடிந்ததும் எழும்பி எஞ்சினை இழுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, வள்ளத்தில் நாங்கள் மூன்று பேர், கல்லை நான் எறிந்துவிட்டேன். சொல்ல வாயெடுத்தேன். மச்சாள் தான் இருந்த பலகையில் ஒரு ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். வாய்க்குள் ஏதோ எண்ணியது உதட்டில் தெரிந்தது. சத்தம் வரவில்லை.

அதற்குப் பிறகு மச்சாள் உரத்து எண்ணியதை நாங்கள் கேட்கவில்லை. எனக்கு அவரில் இருந்த கோபம் ஆற இரண்டு வருடம் எடுத்தது. அவர் வரும் நாட்களில் குசினியை விட்டு வெளியே வராமல் இருந்திருக்கிறேன். தன் பிள்ளையைக் கடலுக்கு நடுவில் விட்டுவிட்டு வந்த தாயும் நான்தான், என் முழங்காலில் சாய்ந்ததை என் பிள்ளை என்று நம்பினவளும் நான்தான். அந்தக் கோபத்தை என் மேல் வைக்க முடியாமல் மச்சாள் மேல் வைத்தேன். இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆரணிக்கும் அவருக்கும் மட்டும் ஒன்றும் மாறவில்லை. இரண்டு பேரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏரியில் படகு விட்டார்கள். இரண்டு பேராகப் போனால் மூன்று பேருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவார்கள், நான் கேட்பதில்லை.

போன இலையுதிர்காலத்தில் மச்சாளுக்கு நோய் முற்றிவிட்டது. கவின் லைப்சிக்கில் படிக்கிறான், வர முடியவில்லை. ஒரு மத்தியானம் நானும் இவரும் ஆரணியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஐந்தாம் மாடி, யன்னலுக்கு வெளியே மரமெல்லாம் மஞ்சள். மச்சாள் கட்டிலில் பாதியாகிப் போயிருந்தார். வாசலில் எங்களைக் கண்டதும் கண் மட்டும் பழையபடி கூர்மையானது.

எனக்கு அந்த நேரத்தில்தான் தெரிந்தது, மூன்று பேராக வந்திருக்கிறோம், அதுவும் நோயாளியைப் பார்க்க. "ஐயோ மச்சாள், ஒரு கல்லுக்கூட எடுக்கேல்லை. மறந்து போனன்" என்றேன்.

மச்சாள் தலையை ஆட்டினார். நரம்பு ஊசி குத்தின கையை மெல்லத் தூக்கினார். எட்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். உரத்து வரவில்லை, ஆனால் கேட்டது.

"ஒண்டு" என்றார், இவரைக் காட்டி. "ரெண்டு", நான். "மூண்டு", ஆரணி. விரல் அங்கே நிற்கவில்லை. எங்களைத் தாண்டிக் கதவுப் பக்கம் போனது. கதவின் கைப்பிடி உயரத்தில் நின்றது. ஏழு வயதுப் பிள்ளை நின்றால் தலை அவ்வளவுதான் வரும்.

"நாலு" என்றார். "சரி."

நானும் இவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பயமா, மரியாதையா, எனக்குச் சொல்லத் தெரியாது. ஆரணிதான் கட்டிலில் குனிந்து அவருடைய நெற்றியில் கையை வைத்தாள்.

"ஓம் மாமி. எல்லாரும் வந்திட்டம்."

மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். கட்டுமரத்தை எங்களுக்கே வாடகைக்கு விடுகிறான் என்று சிரித்த அதே சிரிப்பு. அந்தக் கிழமையே போய்விட்டார். அதற்கு முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேனா என்றால், கேட்டேன், அன்றைக்குத்தான், காதோடு காதாக. "உமக்கென்ன விசரோ" என்றார்.

வெளியே வந்து லிஃப்டுக்கு நின்றோம். கதவு திறந்தது. நான் ஏறினேன், இவர் ஏறினார், கடைசியாக ஆரணி ஏறினாள். கதவு மூட வந்தபோது அவள் கையைக் குறுக்கே வைத்து அதை மறித்துக்கொண்டு நின்றாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. அந்தக் கதையைத் தொடங்கினாலே எழும்பிப் போகிற மனிசன், இவர், ஒரு அடி பின்னுக்கு நகர்ந்து, மூலையில் இடம் விட்டார்.